பாயிண்டர் டைப்டெஃப்களை எடுத்த ஒன்பது நாள்

இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றுதான் கையில் எடுத்தேன். ஒன்பது நாள் ஆனது. இன்னும் அந்த அலுப்பு தீரவில்லை.

வன்பொருளை இயக்கும் எங்கள் பழைய டிரைவர் ஒன்றை லினக்ஸ் கர்னல் முறைப்படி மாற்ற வேண்டியிருந்தது. சி மொழியில் ஏற்கெனவே உள்ள ஒரு வகைக்கு இன்னொரு பெயர் சூட்டுவதுதான் டைப்டெஃப். ஸ்ட்ரக்டுக்கும் (பல தரவுகளின் தொகுப்பு) பாயிண்டருக்கும் (நினைவக முகவரியை வைத்திருப்பது) டைப்டெஃப் வைப்பது தவறு என்று கர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே சொல்கிறது. பேட்ச்களை, அதாவது அனுப்பும் கோடு மாற்றங்களை, சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டும் புது டைப்டெஃபைக் கண்டால் எச்சரிக்கும்.

வெறும் ஸ்ட்ரக்ட்கள் ஒரே மதியத்தில் முடிந்தன. டேக் (ஸ்ட்ரக்டின் சொந்தப் பெயர்) இல்லாதவற்றுக்கு மட்டும் முதலில் ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது.

உயிரை வாங்கியது பாயிண்டர் டைப்டெஃப். ‘ஸ்ட்ரக்ட் நோட் *’ என்பதற்கு வைத்திருந்த டைப்டெஃப் ‘பிநோட்’. ‘பிநோட் முன், பின்;’ என்று ஒரு வரி. தேடி மாற்றும் செட் (sed) கட்டளை அதை ‘ஸ்ட்ரக்ட் நோட் *முன், பின்;’ என்று ஆக்கிவிட்டது. நட்சத்திரம் ‘முன்’னோடு நின்றுவிட்டது, ‘பின்’ பாயிண்டராக இல்லாமல் முழு ஸ்ட்ரக்டாகிவிட்டது. கம்பைலர் கத்திய இடங்களையெல்லாம் திருத்தினேன். பில்ட் சுத்தமாக வந்தது, சரி என்று பரிசீலனைக்கு அனுப்பினேன்.

மறுநாளே திரும்பி வந்தது. டீபக் (பிழை தேடும்) ஆப்ஷனை ஆன் செய்தால் கம்பைல் ஆகவில்லையாம். அந்த ஆப்ஷன் ஆனில் இருந்தால் மட்டும் கம்பைல் ஆகும் இஃப்டெஃபுக்குள் அதே மாதிரி மூன்று வரிகள் இருந்திருக்கின்றன. என் கான்ஃபிகில் கம்பைலர் அந்தப் பக்கமே போகவில்லை. கம்பைலரை நம்பாதீர்கள். கமா உள்ள அறிவிப்புகளை முதலிலேயே கிரெப் போட்டுத் தேடிவிடுங்கள்.

‘கான்ஸ்ட்’ இன்னொரு பள்ளம். ‘கான்ஸ்ட் பிநோட்’ என்றால் பாயிண்டர்தான் மாறக்கூடாது, அது காட்டும் ஸ்ட்ரக்டை மாற்றலாம். ‘கான்ஸ்ட் ஸ்ட்ரக்ட் நோட் *’ என்று ஆக்கினால் அர்த்தமே தலைகீழ். கான்ஸ்டை நட்சத்திரத்துக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாம் முறையும் திரும்பியது: எல்லாவற்றையும் ஒரே பேட்சில் அடைத்திருந்தேன். ஆயிரத்துச் சொச்சம் வரிகளை யார் படிப்பார்கள்? கேட்டது நியாயம்தான். அப்புறம் ஒரு டைப்டெஃபுக்கு ஒரு பேட்ச் என்று பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும், மெஷின் கோடைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் எடுத்து ஒப்பிட்டேன். பெயர் மட்டும் மாறியிருந்தால் மெஷின் கோடு மாறக்கூடாது. இந்தச் சோதனையை விடவே விடாதீர்கள்.

அப்படிப் பிரிக்கும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. ரீசெட் ஃபங்ஷனில், நினைவகத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் ஒரு மெம்செட். அளவு ‘சைஸ்ஆஃப்(ஸ்ட்ரக்ட் நோட் *)’. அதாவது பாயிண்டரின் அளவு, 64 பிட்டில் வெறும் 8 பைட். துடைக்க வேண்டிய ஸ்ட்ரக்டோ 72 பைட். ‘சைஸ்ஆஃப்(பிநோட்)’ என்று இருந்தவரை எத்தனையோ பேர் அதைப் பார்த்தும் யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

அந்த இடத்திலேயே திருத்தக் கை பரபரத்தது. ஆனால் பெயர் மாற்றும் பேட்சில் அதைத் தொடவில்லை. தனி பேட்சாக அனுப்பினேன். அதுதான் முதலில் ஏற்கப்பட்டது. ரீசெட்டுக்குப் பிறகும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்த கவுண்ட்டர் இப்போது பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.