துருவுக்கு அடியில் ஓர் ஊர்ப்பெயர்

மூன்று வாரமாக ஸ்வீடனில், உப்சாலா வீட்டுக் கீழ்த்தளத்தில் எனக்கு ஒரே வேலை, ஒரு 8 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர். பழைய சாமான் சந்தையில் 50 குரோனாவுக்கு வாங்கியது. நட்டைக் கவ்வும் தாடையும் அசையவில்லை, அதை நகர்த்தும் திருகும் சுற்றவில்லை.

முதல் வாரம் வினிகரில் ஊறப் போட்டேன். ஒரு ராத்திரி போதும், நான் இரண்டு நாள் விட்டுவிட்டேன். துரு போனது, ஆனால் இரும்பு சாம்பல் பூத்துவிட்டது. சோடா உப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து உடனே எண்ணெய் தடவினேன். கொஞ்சம் தாமதித்தாலும் கண்ணெதிரே மறுபடி சிவக்கும். அப்புறம் பித்தளை பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க எழுத்து எழும்பி வந்தது: 'பி.ஏ. யோர்ட்'. மறுபக்கம் 'என்ஷோப்பிங்'. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அந்த ஊருக்கு!

இந்த ஸ்பேனருக்கு உருக்கொடுத்த யோஹான் பெட்டர் யோஹான்சன் 1886-இல் அங்கேதான் பட்டறை போட்டார். அன்றைய நட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு ஸ்பேனர் என்று மூட்டையாகச் சுமக்க வேண்டும். 1888-இல் குழாயைப் பிடித்துத் திருகும் பைப் ரென்ச் செய்தார், 1892-இல் இந்த ஸ்பேனருக்குக் காப்புரிமை வாங்கினார். நகரும் தாடை கொண்ட ஸ்பேனர் இங்கிலாந்தில் முன்பே உண்டு. அதைக் கைக்கு அடக்கமாக, உறுதியாக ஆக்கியது இவர். யோஹான்சனின் கருவிகளை விற்கும் பொறுப்பை 1890-இலேயே பி.ஏ. யோர்ட் எடுத்துக்கொண்டார். அவர் கம்பெனியான 'B.A. Hjort & Co' என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் 'பாஹ்கோ' (Bahco) என்ற பெயர். கம்பெனியே அந்தப் பெயருக்கு மாறியது 1954-இல். என்னுடையதில் யோர்ட் பெயர் இருப்பதால் அதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்கிறேன். கம்பெனி பிறகு சான்ட்விக், அடுத்து ஸ்னாப்-ஆன் என்ற நிறுவனங்களுக்குக் கை மாறியது.

இரண்டாம் வாரம் முழுக்க, திருகை அதன் இடத்தில் தாங்கும் ஊசியோடு போராட்டம். அதன் பள்ளத்துக்குப் பொருந்தும்படி ஸ்க்ரூ டிரைவர் நுனியை அரத்தால் ராவினேன். தினமும் எண்ணெய் விட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினேன். ஐந்தாம் நாள் 'டிக்' என்று ஒரு சத்தம். ஊசி சுற்றியது!

தாடையை உருவிப் பார்த்தபோது அடியில் இருந்த பற்கள் புதிது மாதிரி பளபளத்தன. ஒரு பல்கூடத் தேயவில்லை. கைப்பிடி விளிம்பில் நகத்தை ஓட்டினால் மெல்லிய வரம்பு ஒன்று தட்டுப்படுகிறது, மேலச்சும் கீழச்சும் சேர்ந்த இடம். இரும்பைக் காய்ச்சி அச்சில் வைத்து அடித்தால் அதன் நார், அதாவது உள்ளே ஓடும் இழை, கழுத்து வளைவோடு வளைந்து போகும். தகட்டிலிருந்து வெட்டி எடுத்தால் அந்த வளைவிலேயே அறுபடும். இவ்வளவு காலம் கழித்தும் கழுத்தில் ஒரு கீறல் இல்லை. அந்த வரம்பை ராவ மனம் வரவில்லை, அப்படியே விட்டேன்.

நேற்று சைக்கிள் பின்சக்கரத்தின் 15 மி.மீ. நட்டில் போட்டுப் பார்த்தேன். தாடை கவ்விக்கொண்டது, நட்டின் முனை மழுங்கவில்லை. திருகுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டும் துருவில் பொடிந்துபோனது. அதற்கு ஏற்ற கம்பி கிடைத்ததும் நானே சுற்றிப் போட வேண்டும்.