கதிரைக்குக் காசு, காலுக்கு வேலை

லண்டனில் முதன்முறை உதைபந்தாட்டம் பார்க்கப் போகிற எங்கட ஆக்கள் திகைப்பது ஒரே விஷயத்தில்தான். டிக்கெட்டில் வரிசையும் கதிரை இலக்கமும் இருக்கும். கோல் கம்பத்துக்குப் பின்பக்கம் ஒருத்தரும் அந்தக் கதிரையில் இருக்க மாட்டார்கள், நிற்பார்கள். முன்வரிசை எழும்பினால் பின்வரிசைக்கு வேறு வழி? யாழ்ப்பாணத்தின் பாசையூரிலும் நாவாந்துறையிலும் கச்சான் சரையோடு கோட்டோரம் நின்று பார்த்தவர்களுக்கு நிற்பது புதிதில்லை. நிற்கிறதுக்கு இவ்வளவு பவுண்ஸா என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கதிரை வந்தது 1989 ஏப்ரல் 15ஆம் திகதியால். ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், வாசல் நெரிசலைக் குறைக்கப் பொலிஸ் ஒரு கேற்றைத் திறந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பிய நடு அடைப்புகளுக்குப் போகும் சுரங்கவழியை மறிக்கவில்லை. முன்னுக்குக் கம்பி வேலி, பின்னுக்குச் சனம். 97 உயிர் போனது. நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கைக்குப் பிறகு, இங்கிலாந்தின் மேல் இரண்டு பிரிவுக் கழகங்களின் மைதானங்களிலும் நின்று பார்க்கும் படிகள் 1994க்குள் போக வேண்டியதாயிற்று. லிவர்பூல் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னாலுள்ள கொப் என்ற ஸ்டாண்ட் ஒருகாலம் 28,000 பேரளவு கொண்டது. கதிரை போட்டதும் 12,000 சொச்சம். கணக்கு எளிது: நிற்கும் படியில் 10 சதுர மீட்டருக்கு 47 பேர் வரை விடலாம், கதிரை வரிசையில் 25 முதல் 30தான். இடம் சுருங்க, விலை ஏறியது.

ஆனால் சனம் கதிரையில் இருக்கவில்லை, நின்றது. அங்கேதான் புது ஆபத்து. முன்வரிசைக் கதிரையின் முதுகு முழங்கால் உயரம்தான். கோல் விழுந்து பின்னாலிருந்து தள்ளினால் அதற்கு மேலால் கவிழ வேண்டியதுதான். கெண்டைக்கால் முன்னெலும்பு அடிபடாதவர் குறைவு. இதற்குத்தான் வரிசைக்கு வரிசை இடுப்பளவு இரும்புக் கம்பி. ஒரு கதிரைக்கு ஒரு ஆள், கூட்டம் கூடாது. தள்ளினாலும் கம்பி தாங்கும். 2022 ஜனவரியில் ஐந்து கழகங்களில் பரீட்சித்து, அடுத்த பருவத்திலிருந்து இப்படி நின்று பார்க்க அனுமதித்தார்கள். இருபது வருசம் முந்தியே செய்திருக்கலாம். ஜெர்மனியில் அப்போதே இருந்தது.

ஈஸ்ட்ஹாம் ஆக்களுக்கு இது கிட்டடிக் கதை. கிறீன் ஸ்ட்ரீட்டில் மீனும் முருங்கைக்காயும் வாங்கப் போகிற வழியில் இருந்த வெஸ்ட்ஹாம் கழகத்தின் அப்டன் பார்க் மைதானம், 2016 மே 10 கடைசி ஆட்டத்தோடு முடிந்தது, இப்போது அடுக்குமாடி. வெஸ்ட்ஹாம் போன ஸ்ட்ராட்ஃபோர்ட் மைதானம் ஒலிம்பிக்குக்குக் கட்டியது, பந்து தூரத்தில்தான் தெரியும். பழகிவிட்டது என்போம். பிறகு குருநகர் நினைவு வரும்: பந்து வெளியே வந்தால் எடுத்துக் கொடுக்கிறதே பார்க்க வந்தவர்தான்.

ஊரிலிருந்து வந்த அம்மா, அப்பாவோடு போனால் பக்கவாட்டு ஸ்டாண்டின் கீழ்த்தட்டைக் கேளுங்கள். மேல்தட்டு 34 பாகை வரை செங்குத்து, முழங்கால் நோவுக்கு ஆகாது. பெடியள் மட்டுமென்றால் கம்பி வரிசையே திறம். பியரை மட்டும் கீழேயே முடித்துவிட்டு ஏறுங்கள். 1985 சட்டப்படி ஆடுகளம் தெரியும் இடத்துக்கு அதைக் கொண்டுவர ஏலாது.