கோவையிலிருந்து புனேக்கு வீடு மாற்றிய கதை: கிரைண்டர் வந்தது, குழவி வரவில்லை

கிரைண்டர் வந்துவிட்டது. குழவி வரவில்லை. சாமான் கொண்டுவந்த பேக்கர்ஸ் கம்பெனியைக் கேட்டால், "லிஸ்ட்ல கிரைண்டர் ஒன்னுனுதான் சார் இருக்கு, ஒன்னு வந்திருச்சே" என்கிறார்கள். சிங்காநல்லூரிலிருந்து புனேயின் வாகட் பகுதிக்குச் சாமான்கள் வந்து சேர 13 நாள் ஆனது. அந்த 13 நாளில் நான் கேட்ட பதில்களிலேயே உச்சம் இதுதான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் பாதி மறந்துவிடும்.

முதலில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு அங்கே போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். நாலு வருஷத்து வாஷிங் மெஷினுக்கு ஒருவர் 4,000 தருகிறேன் என்றார். சோபாவைப் பார்க்க வந்தவர் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, விலை கூடச் சொல்லாமல் போனார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "பீரோவும் கிரைண்டரும் வரலைன்னா நானும் வரலை கண்ணு." சரி, கொண்டுபோவது என்று முடிவானது. எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் சறுக்கினேன்.

பேக்கர்ஸ் தேடி, இணையத்தில் ஒரு தளத்தில் போன் நம்பரைப் போட்டேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இருபது நிமிடத்தில் 11 அழைப்புகள். ஒரே வீட்டுக்கு 18,500 முதல் 52,000 வரை விலை சொன்னார்கள், அதுவும் ஒருவர்கூட வீட்டைப் பார்க்காமலே. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். கட்டிலுக்கு அடியில், லாஃப்டில், பால்கனியில் இருப்பதெல்லாம் வீடியோவில் விழாது என்று அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. ஏற்றும் நாளில் "ஐட்டம் கூட இருக்கு சார்" என்று ஆரம்பிப்பதற்கான முதலீடு அது.

தனி வண்டிக்கு வரியோடு 38,000 கேட்டார்கள். பார்ட் லோடுக்கு 23,000. பார்ட் லோடு என்றால் இன்னும் இரண்டு மூன்று வீட்டுச் சாமானோடு நம்முடையதும் ஒரே லாரியில் போகும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதானே என்று நினைத்து அதையே எடுத்தேன். உண்மையில் நடப்பது வேறு. நம் சாமான் ஒரு சின்ன வண்டியில் அவர்கள் கிடங்குக்குப் போகும். அந்தப் பக்கம் போகிற லோடு சேரும்வரை அங்கே கிடக்கும். பிறகு பெரிய லாரியில் ஏறி, பெங்களூரில் இறங்கி, மறுபடி கிடந்து, மறுபடி ஏறி, புனேக்கு வெளியே எங்கோ இறங்கி, அங்கிருந்து ஒரு டெம்போவில் வீட்டுக்கு வரும். விலை பேசும்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வீட்டு வாசலில் ஏறுகிற வண்டிதான் புனே வாசலிலும் நிற்குமா? அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டேன்.

நல்ல வேளையாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுக்கவில்லை. புத்தகம், எவர்சில்வர் பாத்திரம், துணி மூட்டை என்று உடையாதவற்றை 9 உருப்படியாகக் கட்டி, சாதாரண லாரி பார்சல் சர்வீஸில் போட்டேன். எடைக்குத்தான் காசு. எல்.ஆர். என்கிற லாரி ரசீதைக் கையில் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் புனே கோடவுனில் போய் எடுத்துக்கொண்டேன். இதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை, அதுவே பெரிய பாராட்டு.

பைக் ரயிலில் வந்தது. கோவையிலிருந்து மும்பை லோக்மான்ய திலக் போகிற எக்ஸ்பிரஸ் புனே வழியாகத்தான் போகிறது. ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல், சாக்கு சுற்றிய வண்டி, காலி டேங்க், இவ்வளவுதான் வேண்டும். காலி என்றால் நிஜமாகவே காலி. ஸ்டேஷன் வாசலில் சாக்கு கட்டுபவர் கடைசிச் சொட்டையும் உறிஞ்சி எடுத்துவிட்டார். வண்டியை எடுக்கப் போகும்போது அரை லிட்டர் பெட்ரோலுக்கு வழி பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நான் புனே பார்சல் ஆபீஸிலிருந்து பங்க் வரை தள்ளிக்கொண்டு போனேன். புக் செய்யும்போது வண்டியின் மதிப்பைச் சொல்லி அதற்குண்டான கூடுதல் கட்டணத்தைக் கட்டிவிடுவது நல்லது. கட்டாவிட்டால் ஏதாவது ஆனால் இழப்பீடு கிலோ கணக்கில்தான் வரும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓட்டுவதானால் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அது தனிப் புராணம், இன்னொரு நாள்.

கேஸ் சிலிண்டரை ஒப்படைத்து, இணைப்பை முடித்ததற்கான டெர்மினேஷன் வவுச்சர் வாங்கியது பத்து நிமிட வேலை.

இனி ஏற்றிய நாள். காலை 9 மணிக்கு வருகிறோம் என்றவர்கள் மதியம் இரண்டரைக்கு வந்தார்கள். நான்கு பையன்கள், ஒரு சூப்பர்வைசர். பையன்கள் வேலையில் கில்லாடிகள், அதைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடி டம்ளர்களை அவர்கள் சுற்றிய அழகில் 24இல் 24உம் முழுசாக வந்தன. வம்பு எல்லாம் சூப்பர்வைசர் கையிலிருந்த நோட்டில்தான். பாதி ஏற்றியதும், "லோடு ஜாஸ்தி சார், 3,000 ஆகும்" என்றார். பாதி வீடு தெருவில் நிற்கும்போது யாரால் பேரம் பேச முடியும்? கொடுத்தேன்.

அடுத்து இன்ஷூரன்ஸ். சாமான் மதிப்பு மூன்று லட்சம் என்று போட்டு, அதில் 3 சதவீதம், 9,000 கேட்டார்கள். பாலிசி எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையது, நகல் தருவீர்களா என்று கேட்டேன். "நம்ம கம்பெனி இன்ஷூரன்ஸ்தான் சார், பில்லுலயே போட்டுடுவோம்." இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரில் பாலிசி வராவிட்டால் அது வெறும் காகிதம். வேண்டாம் என்றேன். அன்று நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

ஆபீஸில் செலவைத் திரும்பப் பெற ஜி.எஸ்.டி. பில் தேவை. "எல்லாம் சேர்த்து" 23,000 என்று சொன்னதில் பில் மட்டும் சேரவில்லையாம். 26,000க்கு 18 சதவீதம், 4,680 தனி. இரவு உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்தேன். விலைப்புள்ளியில் ஒரு பெயர், ரசீதில் இன்னொரு பெயர், நான் முன்பணம் அனுப்பிய கணக்கில் ஒரு தனியாளின் பெயர். இதை முன்பணம் கட்டும் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணைப் போர்ட்டலில் போட்டால் யார் பெயர், எந்த ஊர் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் நாள் வரும் என்ற வண்டி ஏழாம் நாளும் வரவில்லை. எட்டாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு குரல்: "இ-வே பில் இல்லாம வண்டியைப் பிடிச்சுட்டாங்க சார். பெனால்டி 4,500, மகாராஷ்டிரா என்ட்ரி டாக்ஸ் 2,000. அனுப்புனா உடனே மூவ் பண்ணிடலாம்." நாங்கள் நான்கு பேர் காலி வீட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்த சமயம் அது. மனைவி, "கொடுத்துத் தொலைங்க" என்றாள். நானும் போனை எடுத்துவிட்டேன். ஆனால் எங்கள் கணக்கர் ஒருவரைக் கேட்டதும் கதை மாறியது. இ-வே பில் என்பது சரக்கு அனுப்பும் முன் ஆன்லைனில் எடுக்கிற ஜி.எஸ்.டி. சீட்டு. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு அது தேவையே இல்லை. ஜி.எஸ்.டி. விதி 138இன் இணைப்பில் விலக்குப் பட்டியலில் வீட்டுச் சாமானும் இருக்கிறது. ஆக்ட்ராய், என்ட்ரி டாக்ஸ் என்று ஊருக்குள்ளோ மாநிலத்துக்குள்ளோ சரக்கு நுழைய வாங்கிய வரியெல்லாம் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதே போய்விட்டன. எல்லையில் அந்தச் சரக்கு வரியை வசூலிக்கிற செக்போஸ்டே இப்போது இல்லை.

அந்த விதியைப் படம் பிடித்து அனுப்பி, பெனால்டி நோட்டீஸின் நகலை அனுப்புங்கள், நானே ஆன்லைனில் கட்டிவிடுகிறேன் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. அதன்பின் இரண்டு நாள் போன் சுவிட்ச் ஆஃப்.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அவர்கள் வண்டியைத் தேடித் தர மாட்டார்கள். ஆனால் ஒரு புகார் எண் கிடைக்கும். அந்த எண்ணை, ரசீதில் இருந்த மூன்று நம்பருக்கும் அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே வேறொரு குரல், ரொம்பப் பவ்யமாக: "சார், வண்டி கிளம்பிருச்சு சார். கோடவுன் வாடகை மட்டும் 2,000 பார்த்துக் கொடுங்க." பேசி 1,500க்கு வந்தோம். அதையும் கொடுத்திருக்கக் கூடாது, தெரியும். அம்மாவுக்குப் பத்து நாளாகத் தரையில் படுத்து இடுப்பு போய்விட்டது, கொடுத்துவிட்டேன்.

வண்டி வந்தது ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. எங்கள் சொசைட்டியில் சாமான் ஏற்றுவது இறக்குவது எல்லாம் வார நாளில், அதுவும் ஆறு மணிக்குள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டேன் என்கிறார். டெம்போ டிரைவர் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறேன் என்கிறார். அந்த டெம்போ நம்ம ஊர்க் குட்டியானைதான், அங்கே சோட்டா ஹாத்தி என்கிறார்கள். யானை அங்கேயும் யானைதான், பிடிவாதத்திலும். பெரிய லாரி சந்துக்குள் வராது என்பதால் அந்த டெம்போவுக்கும் 1,800 என் தலையில். செக்ரட்டரி வீட்டுக்கு ஓடி, தெரிந்த நான்கு இந்தி வார்த்தையில் "காகா, ப்ளீஸ்" என்று கெஞ்சினேன். அவர் என் பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தையும் ஓனர் கடிதத்தையும் நிதானமாகப் படித்தார். எட்டு மணி வரை அனுமதி தந்ததோடு, லிஃப்டில் போடப் பழைய கம்பளம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். இந்தக் கதையில் சம்பந்தமே இல்லாமல் உதவிய ஒரே மனிதர்.

அட்டைப்பெட்டிகளில் நான் தமிழில் "சமையல்", "பூஜை" என்று எழுதிவைத்திருந்தேன். இறக்கிய யாருக்கும் தமிழ் தெரியாது. பூஜைப் பெட்டி பாத்ரூம் வாசலில் இருந்தது. பெட்டிக்கு எண் போடுங்கள், எந்த எண் எந்த அறை என்று வாசலில் நின்று கைகாட்டுங்கள். என்ன குறைகிறது என்று அப்போதே தெரியவும் அந்த எண்தான் உதவும்.

டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி நொறுங்கியிருந்தது. கட்டிலின் ஒரு கால் பிளந்திருந்தது. வாஷிங் மெஷின் பிழைத்தது, காரணம் டிரம்மைப் பிடித்து நிறுத்தும் நான்கு டிரான்சிட் போல்ட்டுகள். ஃப்ரண்ட் லோடு வைத்திருப்பவர்கள் அந்த போல்ட்டுகளைத் தேடி எடுத்து, வண்டி ஏறும் முன் மாட்டிவிடுங்கள். நாலு வருஷமாக நட்டு டப்பாவில் எதற்கென்று தெரியாமல் கிடந்தவை.

கையெழுத்துப் போடும் முன் டெலிவரி ரசீதிலேயே "கண்ணாடி உடைந்துள்ளது, கட்டில் கால் பிளந்துள்ளது, குழவி வரவில்லை" என்று எழுதிவிட்டேன். டிரைவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாமல் கையெழுத்துப் போட்டால் எல்லாம் நல்லபடியாக வந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். சரக்குப் போக்குவரத்துக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில், வழக்குப் போடுவதானால் அதற்கு முன் புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் இல்லை.

கணக்குப் பார்த்தேன். 26,000, வரி 4,680, கோடவுனுக்கு 1,500, டெம்போவுக்கு 1,800. மொத்தம் 33,980. தனி வண்டி 38,000. மிச்சம் 4,020. நான்கு பேர் 13 நாள் ஹோட்டலில் சாப்பிட்டதிலேயே அது போய்விட்டது, கண்ணாடி தனி.

அந்த லிஸ்டுக்கு வருகிறேன். சூப்பர்வைசர் "கிரைண்டர் 1" என்று எழுதியபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உரல் டிரம் தனியாக, குழவி தனியாக, சாக்கில் சுற்றி எடுத்துப் போனதையும் பார்த்தேன். கழற்றி எடுக்கும் ஒவ்வொரு துண்டையும் தனி வரியாக எழுதச் சொல்லியிருந்தால் இன்று "ஒன்னு வந்திருச்சே" என்று அவர்களால் பேசியிருக்க முடியாது. மூடி, ரிமோட், பீரோ தட்டு, கட்டில் நட்டுப் பை எல்லாம் அப்படித்தான்.

"கல்லு இல்லாத கிரைண்டரை வெச்சு என்னடா பண்றது, செடி வைக்கவா?" என்று அம்மா தினமும் கேட்கிறார். கோவை பீளமேட்டுக் கடையில் பழைய மாடலுக்குக் குழவி மட்டும் தனியாகத் தருகிறேன் என்றிருக்கிறார்கள். உரலின் உள் அளவை அளந்து அனுப்பியாயிற்று. அடுத்த வாரம் மச்சான் அதே ரயிலில் எடுத்து வருகிறான். "எத்தனை கிலோ இருக்கும் மாப்ளே?" என்றான். பன்னிரண்டு இருக்கும் என்றேன். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுவரலாம், அதனால் ரயில்வேக்கு ஆட்சேபணை இருக்காது. மச்சானுக்குத்தான் கொஞ்சம் இருக்கிறது.