சீலா எந்த மீன்?

புதுச்சேரியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் இருந்தபோது மீன்வரத்துத் தரவுகளை ஒரே இடத்தில் சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. நாலைந்து எக்செல் கோப்பு, ஒரு பழைய டேட்டாபேஸ், ஏலக்காரர்கள் கையால் எழுதிய நோட்டுகளைப் போட்டோ எடுத்து யாரோ தட்டச்சு செய்த பக்கங்கள், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று மேலாளரிடம் வாய் விட்டுவிட்டேன். ஏழு மாதம் ஆனது.

புதுச்சேரி ஒரே ஆட்சிப் பகுதி என்றாலும் நாலு துண்டாகக் கிடக்கிறது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ், மாஹே கேரளக் கரையில் மலையாளம், ஏனாம் கோதாவரிப் பக்கம் தெலுங்கு. நம்ம கானாங்கெளுத்தி மாஹேயில் அயல, ஏனாம் பக்கம் கானகுர்த்த. சரி, இதற்குத்தான் அறிவியல் பெயர் இருக்கிறதே என்று தேடினால் ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்தா என்று வந்தது. விசாகப்பட்டினத்தில் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் காதில் விழுந்த பெயரை எழுதி வைக்க, 1816இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே அதையே அறிவியல் பெயராக்கிவிட்டார். ஆக, உலகத்துக்கே பொதுப்பெயர் என்று நான் நம்பிப் போனது ஒரு கரையின் பேச்சுவழக்குதான். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

போதாக்குறைக்குக் கடலூர்த் தரவும் வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான், கடலூர்ப் படகு புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வந்து மீன் இறக்குவதும், எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டி மீன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவதும் தினமும் நடப்பது, மீனுக்கு மாநில எல்லை தெரியாது. ஆனால் எல்லாக் கோப்பிலும் ‘ஊர்’ என்று ஒரு நெடுவரிசை இருந்ததைப் பார்த்து, நல்லதாகப் போயிற்று, இதை வைத்து இணைத்துவிடலாம் என்று இணைத்தேன் பாருங்கள், அதுதான் எனக்கு விழுந்த முதல் அடி. ஒரு கோப்பில் ஊர் என்றால் படகு பதிவான ஊர், இன்னொன்றில் மீன் இறங்கிய ஊர், ஏல நோட்டிலோ வாங்கிப்போன வியாபாரியின் ஊர். மூன்றிலும் ‘கடலூர்’ என்றுதான் எழுதியிருக்கிறது. எழுத்துப்பிழைகூட இல்லை.

அப்போதுதான் ஆன்டாலஜி பக்கம் போனேன். தமிழில் இருப்பியல், உள்ளியம் என்றெல்லாம் எழுதுகிறார்கள், அலுவலகத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை. விஷயம் சிக்கலானது இல்லை. அட்டவணையில் தரவு இருக்கும், அதன் பொருள் எழுதியவர் தலைக்குள் இருக்கும். அந்தப் பொருளை வெளியே எடுத்து எழுதி வைப்பதுதான் வேலை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பள்ளியில் படித்தோமே, ஆர்டிஎஃப் என்கிற முறையில் ஒவ்வொரு செய்தியும் அப்படித்தான் உடைகிறது: இந்தப் படகு, பதிவான இடம், கடலூர். இந்தச் சுமை, இறங்கிய இடம், தேங்காய்த்திட்டு. இரண்டும் வேறு வேறு உறவு என்று பெயர் கொடுத்துவிட்டால் பிறகு ‘ஊர்’ என்ற ஒரே சொல் ஏமாற்ற முடியாது. இதற்கு மேல் விதிகள் எழுத ஓடபிள்யூஎல் என்ற மொழி இருக்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004இல் பரிந்துரைத்தது. ஸ்டான்ஃபோர்டின் புரொட்டேஜே மென்பொருளில் மீன், படகு, வலை, இறங்குதளம் என்று கிளை கிளையாக வரைந்துகொண்டே போனேன். வரைவதில் ஒரு போதை இருக்கிறது. ஒரு வாரம் வலை வகைகளிலேயே போயிற்று, யாரும் கேட்காத வேலை.

அப்புறம்தான் சீலா. தென்மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பட்டியலில் சீலா என்றால் வஞ்சிரம் என்று இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் ‘சேம்-ஆஸ்’ போட்டேன், இரண்டும் ஒன்றே என்று அர்த்தம். அந்த உறவு சும்மா இருக்காது. அ-வும் ஆ-வும் ஒன்று, ஆ-வும் இ-யும் ஒன்று என்று சொல்லிவிட்டால் அ-வும் இ-யும் ஒன்று என்று ரீசனர், அதாவது விதிகளை வைத்து முடிவெடுக்கும் நிரல், தானாகவே முடிவு கட்டி, ஒன்றின் எடை, விலை எல்லாவற்றையும் மற்றதன் மேல் ஏற்றிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் கடலூரில் வஞ்சிரத்தின் சராசரி விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. தட்டச்சு செய்த தம்பிதான் பூஜ்யத்தை விட்டுவிட்டான் என்று அவனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். பாவம், அவன் நோட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினான், எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்துக் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போனேன். கூடை வைத்து உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம், “அக்கா, சீலா இருக்கா?” என்றேன். நீள மூக்கும் வெளியே தெரியும் பல்லுமாக ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார்.

“இது வஞ்சிரம் இல்லையா?”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. “தம்பி, வஞ்சிர வெலைக்கு இத எவனாச்சும் வித்தான்னா எனக்குச் சொல்லு, நானும் அங்க போய்க் கூடைய வைக்கிறேன்.” பக்கத்துக் கூடைக்காரர் சிரித்துவிட்டார். வடக்குக் கரையில் சீலா என்பது பாரகுடா. இரண்டுமே நீளமாக இருந்து ஆளை ஏமாற்றும் மீன்கள்தான், ஆனால் வஞ்சிரம் சூரை, கானாங்கெளுத்தி இனத்தது, சீலாவுக்கு அந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் வரும்போது நிகண்டு ஞாபகம் வந்தது. சொற்களுக்குப் பொருள் சொல்லும் அந்தப் பழைய நூல்களில் ஒன்றான திவாகரத்தில் 11ஆவது தொகுதி ஒருசொல் பல்பொருளுக்காகவே ஒதுக்கியது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும் என்று நம் ஆட்கள் அத்தனை காலம் முன்பே தனியாகப் பிரித்து வைத்திருக்க, நான் ஒரு சொல்லை ஒரு மீனோடு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். பெயர் மீனின் குணம் இல்லை. ஒரு கரையில் ஒரு மீனை ஒரு சொல்லால் அழைக்கிறார்கள் என்பதே தனிச் செய்தி. ஆக ஒவ்வொரு பெயரையும் தனிப் பொருளாக்கி அதற்கு ஊரையும் மீனையும் தனித்தனியாகக் கட்டினேன். சொற்தொகுதிகளை எழுதி வைக்கும் எஸ்கேஓஎஸ் என்ற தரத்துக்கு எஸ்கேஓஎஸ்-எக்ஸ்எல் என்ற நீட்சி இதற்கென்றே இருக்கிறது, முன்னாலேயே படித்திருக்கலாம்.

தடைக்கால விதியிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். நான் ‘புதுச்சேரி’ என்பதற்கு ஒரே விதி எழுதியதால் மாஹே படகுகள் எல்லாம் மே மாதம் முழுக்கச் சட்டத்தை மீறியதாக அறிக்கை வந்தது. நல்லவேளை, அது அலுவலகத்தைத் தாண்டிப் போகவில்லை. தடையை மாநிலத்தோடு கட்டாமல் கரையோடு கட்டியதும் சரியாகிவிட்டது.

கடைசிவரை மசியாதது கவலை மீன். கடலூரில் கவலை என்றால் ஒரு மீன் இல்லை, சின்னச் சாளை வகைகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், ஏலத்திலும் கலந்துதான் போகிறது. அதை எந்த ஒரு இனத்தோடும் இணைக்காமல் மேலே சார்டினெல்லா என்ற பேரினத்தோடு ‘விரிந்த பொருத்தம்’ என்று மட்டும் போட்டு வைத்தேன். இறுதிக் கூட்டத்தில் திரையில் அறிக்கை ஓடியபோது மேலாளர் ஒரு வரியில் நிறுத்தச் சொன்னார். ‘கவலை: துல்லியமான இணை கிடைக்கவில்லை’ என்று இருந்தது.

“இது மீனைப் பத்தியா, உன்னைப் பத்தியா?” என்றார். எனக்கு அப்போது இன்னும் கல்யாணம் ஆகவில்லை.