பழைய பெட்ஃபோர்ட் சேசி: துரு எடுத்துப் பெயிண்ட் அடித்த விதம்

தோட்டத்து லொறிகளின் சேசி, அதாவது அடிச்சட்டம், அரித்துப்போவதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. கொழுந்து ஏற்றும் லொறியில்தான் உரமும் போகும். மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷ் ஒரு குளோரைட் உப்பு. மூடுபனி நாளில் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக் கிடக்கும். ஹட்டன் பக்கத்தில் நாங்கள் செய்த பெட்ஃபோர்ட் ஜே வகை லொறியிலும் பின்பக்க ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றித்தான் துரு அதிகம்.

பொடி (லொறியின் மேற்கூடு), என்ஜின், டேங்க், பிரேக் குழாய், வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதலில் கிரீஸை எடுத்தோம். சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சலவைச் சோடா கலந்த சுடுநீரால் கழுவி, உப்புப் போகப் பச்சைத் தண்ணீரை நன்றாக அடித்தோம். கிரீஸ் இருக்கும்போதே கிரைண்டரைப் பிடித்தால், வயர் பிரஷ் எண்ணெயைத் துருக்குழிகளுக்குள் தேய்த்துவிடும். பிறகு பெயிண்ட் அங்கேதான் உரியும். சேசி நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. அதைக் கையால் மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

பெரிய வேலை ரிவெட் அடித்த இணைப்புகளில்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு ஏறினால், அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துத் தகட்டையே பிதுக்கிவிடும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு அடைந்த இடம் மொத்தென்று கேட்கும். பிதுங்கிய இணைப்புகளில் மட்டும் ரிவெட் தலையை வெட்டிப் பிரித்துச் சுத்தம் செய்து, துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும், உறுதி கூடிய 8.8 தர போல்ட் போட்டோம். ஒரு நேரத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தை மட்டும் தொட வேண்டும். மூலைக்கு மூலை அளவை முன்னும் பின்னும் எடுத்தால்தான் சேசி கோணவில்லை என்று தெரியும். ஒட்டுத் தகடு போடுவதானால் அதன் முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள். நீளச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளுக்குக் குறுக்கே வெல்டிங் போனால் பாரம் ஏறியதும் அங்கே வெடிப்பு விழும்.

திறந்த பரப்புகளுக்கு முறுக்குக் கம்பி பிரஷ் போதும். குழி விழுந்த இடங்களுக்கு பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தால் துகள்களை அடித்துத் துரு எடுப்பதுதான் சரி; ஆற்று மணல் மட்டும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சின்ன பிராக்கெட்டுகளை மின்சாரம் பாயும் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டோம்: 10 லீற்றர் தண்ணீருக்கு 3 மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர், நெகட்டிவ் பிராக்கெட்டுக்கு, பொசிட்டிவ் பழைய இரும்புத் துண்டுக்கு. துருப்பிடிக்காத எஃகை அந்தத் துண்டாக வைத்தால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெளிக்காற்றில் வையுங்கள். ஸ்பிரிங் தகடுகளைப் போடாதீர்கள், நொறுங்கும் தன்மை வந்துவிடும். குழியில் எஞ்சியதற்குப் பொஸ்பாரிக் அமிலம் தடவலாம், ஆனால் முழுவதும் கழுவிக் காயவிட வேண்டும். அமிலம் மிஞ்சினால் மேலே அடிக்கும் எப்பொக்சி (ஹார்ட்னர் என்ற இறுக்கி கலந்து அடிக்கும் பெயிண்ட்) சரியாக இறுகாது.

பெயிண்ட் அடிக்க நாள் பார்ப்பது நம் மலையில் பாதி வேலை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பெப்ரவரி, மார்ச். பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட். காலை 10 மணிக்கு முன் இரும்பில் கண்ணுக்குத் தெரியாத பனியீரம் இருக்கும். இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 பாகையாவது கூட இருக்க வேண்டும். கருவி இல்லையென்றால் ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் காயாவிட்டால் அன்றைக்குப் பெயிண்ட் வேண்டாம். 10 பாகைக்குக் கீழே சாதாரண எப்பொக்சி இறுகுவது நின்றுபோகும் அளவுக்கு மந்தமாகும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் மேலே பிசுபிசுப்பான படலம் வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் லேசாகத் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு.

கூரான விளிம்பில் பெயிண்ட் வழுகி மெலிந்துவிடும், துருவும் முதலில் அங்கேதான் திரும்பும். அதனால் விளிம்பு, ரிவெட் தலை, வெல்டிங் கோடு எல்லாவற்றுக்கும் பிரஷால் ஒரு பூச்சு கொடுத்தோம். பிறகு முழுவதற்கும் எப்பொக்சி பிரைமர் இரண்டு பூச்சு, காய்ந்த பின் ஒவ்வொன்றும் 50 முதல் 75 மைக்ரோன் தடிப்பு (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கு மேல் கறுப்பு. ஹார்ட்னர் கலக்கும் கறுப்பை ஸ்பிரே செய்கிறவர் வெளிக்காற்று தரும் முகமூடி போட வேண்டும். அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளைத் துணி முகமூடி தடுக்காது.

பெட்டி வடிவச் சட்டங்களுக்குள் நீளக் குழாயால் மெழுகு அடித்து, வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டோம். பெயிண்ட் நன்றாக இறுகும் முன் தாங்கிகளைப் பூட்டினால், அது வாஷருக்குக் கீழே நசுங்கிப் போல்ட் தளரும். பூட்டிய பிறகு வாஷரைச் சுற்றி உரசிய இடங்களுக்கு முதலில் பிரைமர், அதன்மேல் கறுப்பு.