மூன்றாம் நம்பர் சிஸ்டம்

2012-இல் ஒரு பொறியியல் கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். நான்கு சிஸ்டம், எல்லாமே விண்டோஸ் எக்ஸ்பி. மூன்றாவதில் மாணவர்களே உட்கார்ந்து திருத்தம் போட்டுக்கொள்வார்கள், மற்றவை எங்களுக்கு. ப்ராஜெக்ட் சீசனில் பென்டிரைவ் செருகிக் கழற்றியே விரல் தேய்ந்துவிடும்.

ஒரு மாலை, மறுநாள் வைவா இருந்த பெண் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். "அண்ணா, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு, ரிப்போர்ட் போச்சு!" என் சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் குட்டியாக ஒரு அம்புக்குறி, அளவு ஒன்றிரண்டு கேபி. ஆனால் ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் டிரைவில் இடம் முன்போலவே அடைந்திருந்தது, அதாவது ஃபைல் எங்கேயும் போகவில்லை, ஏதோ வைரஸ் ஒளித்துத்தான் வைத்திருக்கிறது. கமாண்ட் ப்ராம்ட்டில், ஒளித்த ஃபைலை வெளியே காட்டும் அட்ரிப் கட்டளையை அடித்ததும் எல்லாம் திரும்பி வந்தன. கூடவே ஒளிந்திருந்த விபிஎஸ் ஃபைலை, அதாவது வைரஸ் ஸ்கிரிப்ட்டை, அழித்தேன். அவர் மூன்றாவது சிஸ்டத்தில் பக்க எண்ணைச் சரிசெய்துவிட்டு, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு நாள் கழித்து அதே பென்டிரைவ், அதே அம்புக்குறி. "உங்க வீட்டு சிஸ்டத்துல இருக்கும்மா" என்றேன், டாக்டர் மாதிரி.

அன்று இரவு விற்பனைக்கு வந்த புது பென்டிரைவ் ஒன்றை ஏதோ அவசரத்துக்குப் பிரித்து மூன்றாவது சிஸ்டத்தில் செருகி ஒரு ஃபோல்டரை காப்பி செய்தேன். சில நொடிகளில் அம்புக்குறி வந்துவிட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டபிள்யூஸ்கிரிப்ட் என்ற பெயர், விபிஎஸ் ஃபைலை ஓட்டுகிற புரோகிராம், சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஷார்ட்கட் வைரஸுக்கு முன்னால் வந்தவை வேறு ரகம். 2008 கடைசியில் கிளம்பிய கான்ஃபிக்கர் வைரஸ் மாதிரியானவை பென்டிரைவில் பரவ, செருகியதும் தானாக ஓட வைக்கும் ஆட்டோரன் ஃபைலை நம்பியிருந்தன. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் மூலம் எக்ஸ்பியில் அந்த வழியை அடைத்துவிட்டது (கடையில் அப்டேட் எல்லாம் யார் போட்டார்கள், அது வேறு கதை). ஷார்ட்கட் வைரஸுக்கு அந்த வழியே தேவையில்லை, நம் விரல் போதும். ஃபோல்டர் என்று நினைத்து டபுள் கிளிக் செய்தால் முதலில் தன்னை ஓட்டிக்கொண்டு, அப்புறம் உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடும். கேட்டது கிடைத்துவிட்டதே, யார் சந்தேகப்படுவார்கள்? அப்புறம் சிஸ்டம் ஆன் ஆகும்போதே ஓடும்படி ஸ்டார்ட்அப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, வருகிற பென்டிரைவில் எல்லாம் ஏறும்.

அந்த மூன்றாவது சிஸ்டம் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒளிந்த ஃபைல்களைக் காட்டு என்று ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் டிக் போட்டால் தானாக மறுபடி மாறிவிடும். பென்டிரைவைக் கழற்றப் போனால் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று அடம் பிடிக்கும். நாங்கள் எக்ஸ்பி பழசாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தோம்.

முதலாளியிடம் சொன்னேன். "சீசன் முடியட்டும்பா, ஃபார்மேட் போட்டுக்கலாம்" என்றார். நான் மானிட்டரில் 'ரிப்பேர்' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

அந்தப் பெண் அடுத்த வாரம் ஸ்பைரல் பைண்டிங் வாங்க வந்தார். நான் சொன்னதை நம்பி வீட்டு சிஸ்டத்தை 300 ரூபாய் கொடுத்து ஃபார்மேட் செய்தாராம், அண்ணனின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதோடு போய்விட்டனவாம். பைண்டிங்குக்குக் காசு வேண்டாம் என்றேன். "ஏன்ணா?" என்று கேட்டார். ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.