மூக்கனேரியில் ஒரு காலை, ஏற்காட்டில் ஒரு மதியம்

சேலத்தில் இறங்கியதும் ஏற்காடு பஸ் எங்கே நிற்கிறது என்று தேடுகிற ஆள் நான். இந்த முறை மச்சினன் விடவில்லை. "மலை எங்க ஓடிடப் போவுது, முதல்ல ஏரியப் பாருங்க மாமா" என்று விடியும் முன்பே ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டான்.

கண்ணங்குறிச்சி மூக்கனேரி, 58 ஏக்கர். கரையேறி நின்றால் தண்ணீருக்கு முன்னால் மரங்கள்தான் தெரிகின்றன. ஏரிக்குள்ளேயே மண் திட்டுகள், 40-க்கும் மேல். பக்கத்துத் திட்டில் வளைந்து கிடந்த கிளையில் ஒரு நீர்க்காகம் இரண்டு இறக்கையையும் விரித்து, கொடியில் போட்ட சட்டை மாதிரி உலர்த்திக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் நானும் அசையவில்லை, அதுவும் அசையவில்லை.

2010-ல் சேலத்துச் சூழல் ஆர்வலர் பியூஷ் மனுஷ் முன்னின்று, ஊர் மக்கள் குழுவாகச் சேர்ந்து இந்த ஏரியைக் கையில் எடுத்தார்கள். தூர்வாருகிற எல்லா இடத்திலும் வருகிற கேள்விதான், வாரிய மண்ணை எங்கே கொட்டுவது? வெளியே கொண்டுபோனால் லாரி வாடகையே தாங்காது. இங்கே அதை ஏரிக்குள்ளேயே குவித்து மரம் நட்டுவிட்டார்கள்.

"அப்போ தண்ணி நிக்கிற இடம் குறையாதா?" என்றேன். மச்சினன் வைத்திருப்பது பெயின்ட் கடை, ஆனால் பதில் இன்ஜினீயர் கணக்காக வந்தது: "மண்ணு எங்கிருந்து வந்துச்சு? இதே ஏரிக் குழியிலருந்து. தண்ணிக்கு மேல எவ்வளவு மண்ணு தலை தூக்கி நிக்குதோ, அவ்வளவும் ஏரிக்கு லாபம் மாமா."

வேறொரு ஊர் ஏரியும் ஞாபகத்துக்கு வந்தது. பெயர் வேண்டாம். கரை முழுக்க பேவர் பிளாக், கலர் விளக்கு, ஒரு நீரூற்று. வரத்து வாய்க்கால் மட்டும் அடைபட்டுக் கிடந்தது. பேவர் பிளாக்கில் வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்ததுதான் எனக்கு மிச்சம். அந்த வாய்க்காலுக்கு அரைநாள் ஜேசிபி விட்டிருந்தாலே போதும் என்று இன்றும் தோன்றுகிறது.

"மலையில பேஞ்சாத்தானுங்க இங்க ஏரி" என்றார் கரையில் தூண்டில் போட்டிருந்த பெரியவர். "வாய்க்கால அடைச்சுப்புட்டு கரையில பூச்செடி வெச்சு என்னங்க பண்றது?" மீன் எதுவும் மாட்டவில்லை. அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

சரி, மலையையும் பார்ப்போம் என்று கோரிமேட்டில் ஏற்காடு பஸ்ஸைப் பிடித்தோம். கொண்டை ஊசி வளைவு 20. பெயரிலேயே ஏரியும் காடும் உள்ள ஊர். படகு இல்லத்தில் நல்ல கூட்டம், அண்ணா பூங்காவில் அதைவிடக் கூட்டம். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக 300 அடி விழுகிறது. படகில் உட்கார்ந்து சிப்ஸ் கவரைத் தண்ணீரில் விடுகிறவருக்கு இது தெரிந்திருக்காது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்கு 2019-லிருந்தே மாநிலம் முழுக்கத் தடை. ஆனாலும் மிளகாய் பஜ்ஜி வாங்கியபோது பாலித்தீன் பையில்தான் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இறங்கும்போது நல்ல மழை. ஊருக்குள் வந்து தட்டுவடை செட் சாப்பிட்டோம்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல், சட்னி. முதல் கடியிலேயே பாதி சட்டையில் விழுந்துவிடும், சேலத்துக்காரர்களுக்கு மட்டும் விழாது.

அப்புறம் வீட்டுக்குப் போகாமல் ஸ்கூட்டரைக் கண்ணங்குறிச்சிப் பக்கம் திருப்பினான். ஏரிக்கு வருகிற வாய்க்கால் சிறுபாலத்துக்கிட்ட நிறுத்தி செல்போன் விளக்கை அடித்தான். செம்மண் தண்ணீர் சலசலவென்று வந்துகொண்டிருந்தது. குழாய் வாயில் தெர்மாகோல் தட்டும் டீ கப்புமாக அடைத்து நின்றது. "இதப் பிடிங்க மாமா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, குச்சி தேடிக் கீழே இறங்கினான்.